மூன்றாவது துண்டு

மாமி இன்றைக்குக் கத்திரிக்கோலைக் கொண்டுவந்து தரவில்லையே.

ஸல்ஹா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பாயில் விரித்திருந்த புது வெள்ளைத் துணியின் ஒரு முனை அவள் கையில் இருந்தது. மறுமுனையைப் பிடித்திருந்த மாமியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூதூரில் பழந்துணிகளை இணைத்துப் போர்வை தைக்க வேண்டியவர்கள் ஸல்ஹாவைத்தான் தேடி வருவார்கள். சங்கக்கடையில் துணியை அளவாகக் கொடுக்கும் காலம் அது. கந்தலான சேலையைக்கூட யாரும் எறிவதில்லை.

அவள் துணியை வெட்டுவதில்லை. ஓரத்தைப் பல்லால் சிறிது கடித்து, இரண்டு கையாலும் இழுத்துக் கிழிப்பாள். கத்திரிக்கோல் கை போன பக்கம் போகும். கிழிசல் நூல் போன வழியேதான் போகும். துண்டுகள் கோணாது.

அந்தச் சத்தம்தான் மாமிக்கு ஆகாது.

ஸல்ஹா கலியாணம் முடித்து வந்த புதிதில், மாமியார் பரீதா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து அவள் மடியில் கத்திரிக்கோலைப் போட்டார். மௌத்தானவர்களைப் பொதியும் கபன் துணியைத்தான் கையால் கிழிப்பது, உயிரோடு ஆட்கள் இருக்கும் வீட்டில் அந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்றார். அன்றிலிருந்து ஸல்ஹா கிழிக்கிற வேலையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விட்டாள். அவள் புருஷன் லாபிர் அங்கே வந்து நின்று, உம்மாவின் குரலிலேயே அவளை ஏசிக் காட்டுவான். சிரிப்பை அடக்கப் போய் அவளுக்கு இழுவை பிசகிவிடும்.

லாபிர் ஏறிய வள்ளம் மாரியில் கடலுக்குப் போனது. மாதங்கள் கழிந்து இப்போது சோளகக் காற்று வீசுகிறது. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

மகனுக்கு ஒரு போர்வை தைத்துத் தா என்று மாமிதான் கேட்டார். அவன் உடுத்த பழைய சாரங்களை அலுமாரியிலிருந்து எடுத்து அவரே கொடுத்தார். ஸல்ஹாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. வரப்போகிறவனுக்குத்தானே போர்வை.

ஆனாலும் அந்தச் சாரங்களை அவள் வெட்டித்தான் எடுத்தாள். துணியிலேயே கோடுகள் இருந்தும் துண்டுகள் கோணிப்போயின. ஏன் கிழிக்கக் கை போகவில்லை என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்.

மேல்பக்கம் முடிந்துவிட்டது. அடிப்பக்கத்துக்குத் துணி வேண்டும் என்று மாமி விடியவே லோஞ்ச் ஏறித் திருகோணமலைக்குப் போய் வந்தார். பழைய படுக்கை விரிப்பு போதும் என்று ஸல்ஹா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கொண்டுவந்தது மடிப்புக் கலையாத வெள்ளை.

"கிழி புள்ள," என்றார். "கத்திரிக்கோல் வெக்க வேணாம்."

இத்தனை காலத்துக்குப் பிறகு மாமி தன் வழிக்கு வந்துவிட்டார் என்று ஸல்ஹா நினைத்தாள். ஓரத்தைக் கடித்து இழுத்தாள்.

சத்தம் அறையைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. வெளியே கோழிகள் கொத்துவதை நிறுத்தின. கிழிசல் அவள் கைக்கு முன்னாலேயே ஓடியது. இழுப்பது தான்தானா என்று அவளுக்கு ஐமிச்சமாக இருந்தது.

இரண்டாவது துண்டும் அப்படித்தான் போனது.

ஒரு போர்வைக்கு இரண்டு துண்டு தாராளம். பக்கத்தில் பக்கம் வைத்து மூட்டினால் சரி. மிச்சத்தை மடிக்கப் போனாள். மாமி முனையை விடவில்லை.

"இன்னொண்டு."

அப்போதுதான் மாமி அளந்த விதம் அவளுக்கு நினைவில் தட்டியது. போர்வையை விரித்து அவர் அளக்கவில்லை. கதவு நிலையில் லாபிரின் தலை முட்டும் இடத்தில் துணியை வைத்து நிலம்வரை பிடித்தார். மேலே ஒரு சாண் விட்டார். கீழே ஒரு சாண் விட்டார்.

கபன் என்றால் பெண்ணுக்கு ஐந்து துண்டு. ஆணுக்கு மூன்று.

சீனன்குடாவிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று வீட்டுக்கு மேலாகப் போனது. அது தூரத்தில் தேயும்வரை இருவரும் துணியைப் பிடித்தபடியே இருந்தார்கள்.

மூன்றாவது கிழிந்தால் லாபிர் மௌத்து. பிறகு யாரும் கடலைப் பார்க்க வேண்டியதில்லை. புருஷனை இழந்தவள் என்று அவளை இத்தாவில் இருத்தி, கதவைச் சாத்துவார்கள். அவன் வருவான் என்று அவள் சொன்னால், பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

மாமி அழவில்லை. விலை பேசுகிறவரைப் போலத் தணிந்த குரலில் சொன்னார்.

"அவன் வந்து நிக்கிறான் புள்ள. ஒவ்வொரு ராவும். உடம்பில ஒரு துண்டுச் சீலை இல்ல, தண்ணி வடியுது. மூடுங்க உம்மா எண்டு கேக்கிறான். பெத்தவள் நான் எத்தின நாளைக்குப் பாத்துக்கொண்டு இருக்க?"

ஸல்ஹாவுக்குப் பயம் வரவில்லை. உம்மாவிடம் மட்டும் பேசியிருக்கிறானே என்ற பொறாமைதான் முதலில் வந்தது.

அவளிடம் அவன் பேசுவதில்லை. வந்து பாயின் ஓரத்தில் குந்திக்கொள்வான். முகத்தைக் காட்ட மாட்டான். விடிய, மாமி சுபஹுத் தொழுகைக்கு எழும்பமுதல், அவன் இருந்த இடத்தில் கிடக்கும் மணலை அவள் கூட்டி அள்ளி வேலிக்கு வெளியே கொட்டிவிடுவாள்.

காய்ந்த மணல். விரலிடுக்கால் உதிரும். ஒருநாளும் அதில் ஒரு பொட்டு ஈரம் இருந்ததில்லை. கடலில் கிடக்கிறவன் காலில் காய்ந்த மணல் ஏது?

இதை அவள் எவருக்கும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. சொன்னால் மாமி இன்றிரவு விழித்திருந்து பார்ப்பார்.

மாமி முனையை இறுக்கிப் பிடித்தார். ஸல்ஹா துணியின் ஓரத்தை உதட்டுக்குக் கொண்டுபோனாள். பல் படவில்லை. மெல்ல அதைப் பாயில் வைத்தாள்.

"ஏலாது, மாமி."