மருமகள் போடாத கையெழுத்து

மாமனாரே முன்வந்து வீட்டை எழுதிக் கொடுக்கும்போது, வேண்டாம் என்று சொல்லும் மருமகளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

பத்திரம் எழுதுபவர் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டார்.

"என்னம்மா சொன்னே?"

"கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னேன் சார். இந்தப் பத்திரம் வேண்டாம்."

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மை தடவிய கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை பாதிதான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுவதுகூட மருமகள்தான். மகனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில் கிடப்பான்.

யோசித்து யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருந்தார். வீட்டை இப்போதே மருமகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், கடைசிவரைக்கும் தன்னை வைத்துப் பார்த்துக்கொள்வாள். மகனுக்கு மூத்தவளான மகளும் மனசாரச் சம்மதித்து, சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடவே வந்திருந்தாள்.

அந்த மகள்தான் முதலில் வெடித்தாள்.

"புரியுதாப்பா? வீடு வேண்டாம்னா, ஆளும் வேண்டாம்னு அர்த்தம்."

"அண்ணி, நான் அப்படி..." என்று ஆரம்பித்தாள் மருமகள்.

"நீ பேசாதே! வேலை பார்க்கிறதே முதியோர் இல்லத்துல. ஆள் சேர்க்கிற மேஜையே உன்னோடதுதான். எங்கப்பாவுக்கு ஜன்னலோரமா ஒரு கட்டில் பிடிச்சு வெச்சுட்டியா?"



பெரியவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாளைக்கு நடக்க முடியாமல் போனால் யார் தூக்கி நிறுத்துவார்? மகள் வீட்டில் ஏற்கெனவே அவளுடைய மாமியார் படுத்த படுக்கை.

"அம்மாடி, என்னால உனக்குக் கஷ்டம்தான். எனக்குத் தெரியாமலா இருக்கு? முடியலைன்னா நேரா சொல்லிடு. நான் தப்பா நினைக்க மாட்டேன்."



மருமகள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, என் மேஜைக்கு வர்றவங்களைப் பத்தி நான் வீட்டுல வாயே திறந்ததில்லை. ஆள் சேர்க்கும்போது ஒரு ஃபாரம் எழுதணும். 'சொந்த வீடு இருக்கா?'ன்னு அதுல ஒரு கேள்வி. முக்கால்வாசிப் பேர் என்ன சொல்றாங்க தெரியுமா? 'இருந்துச்சும்மா. எழுதிக் குடுத்துட்டேன்.'"

சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"அவங்களைக் கொண்டுவந்து விடற பிள்ளைங்க, மருமகளுங்க யாருக்கும் தலையில கொம்பு முளைச்சிருக்காது அண்ணி. என்னை மாதிரியேதான் இருக்காங்க. பத்திரம் எழுதின அன்னைக்கு எல்லாருமே நல்லவங்களாத்தான் இருந்திருப்பாங்க."

"அதுக்காக நீயும் என்னை அப்படிக் கொண்டுபோய் விட்டுடுவியா?" என்றார் பெரியவர்.

"மாட்டேன்னுதான் நினைக்கிறேன். ஆனா பத்து வருஷம் போனா எனக்கும் இடுப்பு பிடிக்கும், பிள்ளைங்க படிப்பு கழுத்தை நெரிக்கும், உங்க பிள்ளை அப்பவும் கடல்லதான் இருப்பார். அன்னைக்கு நான் எப்படி இருப்பேன்னு இன்னைக்கே எப்படி மாமா சத்தியம் பண்றது? அத்தனை வருஷம் பஸ் ஓட்டினீங்களே, பாதி வழியில ஸ்டியரிங்கைப் பயணிகிட்ட குடுத்திருக்கீங்களா?"

"குடுத்திருந்தா நீ எனக்கு மருமகளா வந்திருக்க மாட்டே. படத்துக்குத்தான் மாலை போட்டிருப்பே."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் மெல்ல இறங்கியது.

மருமகள் பத்திரம் எழுதுபவர் பக்கம் திரும்பினாள். "சார், உயிலா எழுதிடுங்க. மாமா இருக்கிற வரைக்கும் வீடு அவர் பேர்லயே இருக்கட்டும். அப்புறம் யாருக்குங்கிறது அவர் இஷ்டம். உயில்னா நடுவுல மாத்தலாம் இல்லையா?"

"மூச்சும் நினைவும் இருக்கிற வரைக்கும் நூறு தடவை மாத்தலாம்மா." தயாராக இருந்த பத்திரத்தை இழுப்பறைக்குள் தள்ளினார் அவர். "ராத்திரி உட்கார்ந்து எழுதினது. எனக்குத்தான் முதுகுவலி மிச்சம்."

மகள் மூக்கை உறிஞ்சினாள். "ஏதோ கோபத்துல கட்டில் கிட்டில்னு சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதே."

"கண்டிப்பா வெச்சுப்பேன் அண்ணி. மாசத்துல ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைப் பார்த்துக்குங்க, மறந்துடறேன்."

பெரியவர் கட்டைவிரலில் இருந்த மையைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்தார். அந்தக் கையாலேயே மருமகளின் தலையைத் தொட்டார்.

"உயில்லயும் உன் பேரைத்தான் எழுதப் போறேன். உயிர் இருக்கிற வரைக்கும் அதை மாத்தவே மாட்டேன் அம்மாடி."

"ஐயையோ, அப்படிச் சொல்லிடாதீங்க மாமா!" என்று பதறினாள் மருமகள். "மாசத்துக்கு ஒரு தடவையாவது 'உயிலை மாத்திடுவேன்'னு என்னை நல்லா மிரட்டுங்க."