ஊசி விசாரித்த கட்டி

காதோரம் உமிழ்நீர்ச் சுரப்பியில் குடியேறியிருந்த கட்டி எப்பேர்ப்பட்டது என்று விசாரிக்கப் போன ஊசி, துள்ளிக் குதித்துக்கொண்டு திரும்பியது.

"கத்தி அண்ணே, கட்டி பரம சாது! பெரிய வெட்டெல்லாம் வேண்டாம்!"

ஊசி கொண்டுவந்த துளியை மைக்ராஸ்கோப் அக்கா ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடேய், இதுல கட்டியே இல்லடா, வெறும் எச்சில்! மாப்பிள்ளையை விசாரிக்கப் போய், பக்கத்து வீட்டுல பஜ்ஜி தின்னுட்டு வந்திருக்கியே!"

ஊசியை வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுபடி ஓடியது. இந்த முறை கட்டிக்குள்ளேயே நுழைந்து, நாலு மூலையிலும் கிள்ளி எடுத்து வந்தது.

அக்கா நிதானமாகப் பார்த்தாள். "சாதுதான்!"

"பார்த்தியா! நான் அப்பவே சொன்னேனே!" என்று ஊசி தலைகால் புரியாமல் ஆடியது.

"சொன்னே தம்பி," என்றது கத்தி. "பக்கத்து வீட்டுக்காரரைப் பத்தி."