மேனேஜருக்கு வராத ஃபைல்

“ஒரு மாசம் லீவுல போயிட்டு வந்தா, ஒப்புதலுக்கு ஒரு ஃபைல்கூட எனக்கு வரல! மெயில் சர்வரை என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?” என்று எகிறினார் மேனேஜர்.

சர்வரைக் குடைந்து பார்த்த இன்ஜினீயர் தயங்கினான்.

“ஒப்புதல் வரிசையிலேருந்து உங்க பேரையே எடுத்திருக்காங்க சார்.”

“யாரைக் கேட்டு?”

“உங்களைக் கேட்டுத்தான். ‘இனி மேனேஜர் பதவி தேவையில்லை’னு ஹெட் ஆபீஸ்லேருந்து ஒரு ஃபைல் வந்திருக்கு. வந்த வேகத்துல ஒப்புதல் கொடுத்திருக்கீங்க.”

“நான்தான் லீவுல இருந்தேனே!”

“‘லீவில் இருக்கிறேன், நன்றி’னு உங்க மெயில் தானா பதில் போட்டிருக்கு சார். பதில் வந்தாலே ஒப்புதல்னு சர்வர் எடுத்துக்கிச்சு.”

மேனேஜர் மேசையைத் தட்டினார்.

“அந்த ஃபைலை உடனே ரத்து பண்ணுய்யா!”

“பண்ணிடலாம் சார். ஆனா அதுக்கு மேனேஜர் ஒப்புதல் வேணுமே!”