கடல் மூடியிருந்த நாட்கள்

மதிய வெயில் மென்பொருள் நிறுவனத்தின் திருவொற்றியூர் அலுவலக நீலக் கண்ணாடியில் கரைந்து, யசோதராவின் மேசைமேல் தண்ணீராக அசைகிறது. ஹெட்போனில் காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்காரர் ஒவைஸ். "மீன்பிடித் தடைக்காலம்மா. போட்டெல்லாம் கரையில கட்டிக் கீது. பில்லு போடுற சாப்ட்வேர் இன்னாத்துக்கு? அதுவா ரினியூ ஆயிக்கினு துட்டை எடுத்துக்கிச்சு." விதிப்படி, சந்தா புதுப்பித்தபின் மென்பொருளைத் திறக்காதவர்களுக்குத்தான் பணம் திரும்பும். திரையோ, இன்று ஒருமுறை திறந்ததாகக் காட்டுகிறது. "இன்னிக்குத் தொறந்திருக்கீங்களே, பாய்?" "உங்க நம்பரு அதுக்குள்ளதானே கீது? தொறக்காம எப்பிடிம்மா கூப்புடுறது?" யசோதரா சிரிப்பை அடக்குகிறாள். அவர் குரலுக்குப் பின்னால், கட்டிய படகுகள் ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொள்ளும் ஓசை. கண்ணை மூடிக் கொஞ்சநேரம் அதையே கேட்கிறாள். பிறகு பணத்தைத் திருப்பித் தரும் ஒப்புதலை அழுத்திவிட்டு, காரணம் கேட்கும் கட்டத்தில் தட்டுகிறாள்: கடல் மூடியிருந்தது.