ஒரே புள்ளி

மலைமேல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஜெபசிங், சங்கரன்கோவிலில் இருக்கும் மனைவிக்குக் காலையிலேயே போன் செய்தான்.

“ஏட்டி யோகா, நேத்து நீ மாடியில வச்ச லைட்டு எங்க கேமராவுல தெரிஞ்சிட்டு!”

“அம்புட்டு தூரத்துக்கா?”

“மொதல்ல தெரியல. நாலு நாலு பிக்சலா ஒண்ணாச் சேத்து எடுத்தேன். வெளிச்சம் கூடி, ஒரே புள்ளியாத் தெரிஞ்சிது. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

யோகலட்சுமி கேட்டாள்: “எப்ப வாரிய?”

“அடுத்த மாசந்தான். பெறவு, பிக்சலச் சேக்காம ரொம்ப நேரம் வச்சு இன்னொரு படம் எடுத்தேன். அதுல ரெண்டு புள்ளி. எதுக்கு ரெண்டு லைட்டு வச்ச?”

“நான் ஒண்ணுதான வச்சேன்!”

போனோடு மாடிக்கு ஓடினாள். வீட்டை இரண்டாக்கிய நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், மேற்கே மலையைப் பார்த்தபடி ஒரு எமர்ஜென்சி லைட் இருந்தது.

“உங்க அம்மா வச்சிருக்காவ. நேத்து நாம பேசினது அங்க கேட்டிருக்கும்.”

சுவருக்கு அந்தப் பக்கமே குடியிருந்தும், இவர்கள் கல்யாணமான நாள்முதல் நான்கு வருடமாக அம்மா இருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜெபசிங் மெதுவாக, “இன்னைக்கும் வைப்பியா?” என்றான்.

யோகலட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, உரக்கக் கேட்டாள்:

“ஏழு மணிக்கு வச்சாப் போதுமா?”