மூன்றாவது பொத்தான்

அருங்காட்சியகச் சுவரில் அந்த ஊர்ப் பழைய மனிதர்களின் படங்களை மாட்டியிருந்தார்கள். எதிரே, அந்தப் படங்களை எடுத்த ஸ்டூடியோவின் கறுப்புக் கோட்டு ஓர் ஆணியில் தொங்கியது.

மிராசுதார் ராஜரத்தினத்தின் படம் காலையிலிருந்து ஒரே கூச்சல். "வண்டிக்காரப் பயலை என் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்களே! கழற்றுங்கடா அவனை!"

வண்டிக்காரர் சிங்காரவேலுவின் படம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. கோட்டுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் திமிர்ப் பேச்சை இன்னும் எத்தனை நாள் கேட்பது?

"யோவ், நிறுத்தும்!" என்று சீறியது. "சிங்காரவேலு போட்டிருக்கிற கோட்டில் மூன்றாவது பொத்தான் இருக்கிறதா, பாரும்."

"இல்லை. பஞ்சப் பயலுக்குப் பொத்தான் ஒரு கேடா?"

"இப்போது உம்முடையதைப் பாரும்."

மிராசுதார் பார்த்தார். அங்கேயும் நூல்தான் தொங்கியது.

"ஸ்டூடியோவில் எல்லாருக்கும் மாட்டிவிட்ட கோட்டு நான் ஒருவன்தானய்யா! அவர் கழற்றிக் கொடுத்த சூடு ஆறுவதற்குள் என்னை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தீரே, அன்றைக்கு எங்கே போயிற்று உம் கௌரவம்?"

மிராசுதாருக்கு அந்த நூலைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால், அசையக்கூடாது என்று போட்டோக்காரர் அன்றைக்குச் சொன்னபடி, கை நாற்காலிமேல் வைத்தது வைத்தபடியே இருந்தது.