மணி மார்க் சுவிங்கம்

கண்டிப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கிளி மார்க் சுவிங்கம் போடுகிறவர் கபிரியேல். ஒரு கடை வேறு மார்க்குக்கு மாறினாலும் அவருக்கு வேலை இல்லை என்று கம்பெனி சொல்லியிருந்தது. இப்போது மணி மார்க் சுவிங்கத்தின் ஏஜண்டு, யாழ்ப்பாணத்துத் தில்லையம்பலம், கட்டுகஸ்தோட்டைத் தேத்தண்ணிக் கடையில் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்திருந்தார்.

"சாமானை எங்கை குடுத்துப் பாக்கலாம்? எடுபடாட்டி நான் ஊருக்குத் திரும்பிடுவன்," என்றார் தில்லையம்பலம்.

"அக்குறணைக்குப் போங்க," என்றார் கபிரியேல். "நல்ல சனம். இன்னைக்கு மத்தியானமே போய் ஆளுக்கொன்னு சும்மா குடுங்க. வாயில போட்டாங்கன்னா ஒங்க அதிர்ஷ்டம்."

சாயங்காலம் தில்லையம்பலம் வெறும் பையோடு திரும்பி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒருத்தரும் வாயிலை வைக்கேல்லை."

கபிரியேல் மிகவும் வருத்தப்பட்டார். அவருடைய தேத்தண்ணிக்கும் தானே காசு கொடுத்தார்.

மறுநாள் காலையில் அக்குறணைக் கடைக்காரர் மக்கீன் நானா, கிளி மார்க் பெட்டிகளைக் கொண்டுவந்து கபிரியேலின் முன்னால் இறக்கினார்.

"இதைத் திருப்பி எடுங்க தம்பி. பெருநாளைக்கு எங்கட புள்ளைகளுக்கு மணி மார்க்தான் வேணுமாம். ராவு பூரா ஊரே மென்னுச்சு."

"அவர் குடுத்தப்ப யாருமே வாயில வைக்கலியாமே, நானா!"

"நோன்போட எப்படி வைக்கிறது? அதைச் சொன்னதுக்கு, 'தெரியும், அதுதான் இண்டைக்கு வந்தனான். நோன்பு துறந்தாப் பிறகு போடுங்கோ'ண்டு சொல்லிட்டுப் போனாரு. நல்ல மனிசன். நீங்கதான் அனுப்பி வச்சீங்களாமே?"